தனிச் சமாதானம் கூடாது

கொளஞ்சிநாதன் போர் கேட்கவில்லை. அவன் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. பெரிய மனிதர் யாராவது கான்ட்ராக்டர் வைத்திலிங்கத்திடம் போய், "இவன் மேல தப்பில்ல, வேலையத் திருப்பிக் குடுங்க" என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் முப்படை நேச அணியிடம் போனான். உப்புக் கேட்டுப் போனவன் தலையில் அவர்கள் கடலையே கொட்டினார்கள்.

முப்படை நேச அணி என்பதை விளக்க வேண்டும். நெய்வேலியில் முன்னாள் ராணுவத்தாருக்கு ஒரு சங்கம், கப்பற்படைக்காரர்களுக்கு ஒன்று, விமானப்படைக்காரர்களுக்கு ஒன்று என்று மூன்று சங்கங்கள் இருந்தன. பொதுவில் ஒரு கேரம் போர்டு இருந்தது. அதற்காகப் பத்து வருஷம் முட்டிக்கொண்டார்கள். எண்பத்தொன்றில் யாருக்கோ ஞானம் வந்து, பத்திரத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி மூன்று தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்று, நம்மில் ஒருவன் மேல் கை வைத்தால் மூன்று படை மேலும் கை வைத்ததாகும். இரண்டு, போர் தொடுத்தால் சேர்ந்தே தொடுப்போம். மூன்று, எதிரியோடு எவரும் தனிச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. கேரம் போர்டைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லாததால் அந்தச் சண்டை மட்டும் பழையபடி நடந்தது.

தரைப்படைத் தலைவர் சுபேதார் தங்கராசு, மதுரைப் பக்கம். இருபத்தெட்டு வருஷ சேவை, முழுக்க ஜபல்பூர் கம்பளிக் கிடங்கில். எதிரி என்று அவர் நேருக்கு நேர் கண்டது அந்துப்பூச்சியைத்தான். விமானப்படைத் தலைவர் மருதாசலம் கோயம்புத்தூர்க்காரர். லீவு விண்ணப்பங்களை டைப் அடித்து ஓய்வு பெற்றவர். காதடைக்கும் என்று ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. கப்பற்படைத் தலைவர் மாடசாமிக்குத் திருநெல்வேலி. கப்பலில் ஏறிய முதல் நாளே வாந்தி எடுத்து, மிச்ச சேவையைக் கொச்சியில் கரைமேல் உள்ள சமையல்கட்டில் முடித்தார். கூட்டணியில் உண்மையாகவே குண்டு பட்டவன் கொளஞ்சிநாதன் ஒருவன்தான். எழுபத்தொன்றுப் போரில் இடது தொடையில் வாங்கியது. ஆனால் அவன் வெறும் நாயக். அதனால் கூட்டங்களில் அவனுக்கு நாற்காலி கிடையாது.

அவனுக்குக் கம்மாபுரம் பக்கத்து ஊர். அவன் எல்லையில் நின்றுகொண்டிருந்த வருஷங்களில் ஊரில் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால், பிறந்த வீடு இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. காற்றுக்குக் கீழே பள்ளம். வைத்திலிங்கத்திடம் கான்ட்ராக்ட் வாட்ச்மேனாகச் சேர்ந்து, சுரங்கத்தின் ஸ்டோர் யார்டு கேட்டில் நின்றான். இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவர்களின் பெயர் ஏப்ரல் மாதம் பெர்மனென்ட் பட்டியலில் சேரும் என்று பேச்சு. இன்னும் மூன்றரை மாதம்தான். அப்போது பார்த்து யார்டிலிருந்து அந்த வேன் வெளியே வந்தது.

"பாஸ் காட்டுங்க."

"யாரு வண்டின்னு தெரியுமாய்யா?" என்றான் டிரைவர்.

"தெரியும்ங்க. கான்ட்ராக்டர் வண்டி. பாஸ் காட்டுங்க."

பாஸ் இல்லை. வேனுக்குள் தாமிரக் கேபிள் சுருள் சுருளாக இருந்தது. கொளஞ்சிநாதன் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, நேரம், வண்டி நம்பர், சரக்கு எல்லாவற்றையும் கேட் புத்தகத்தில் கோணாமல் எழுதிவைத்தான். மறுநாள் காலை டியூட்டி சார்ட்டில் அவன் பெயர் இல்லை.

பதினாறாம் பிளாக்கில் மருதாசலத்தின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், இல்லாத காருக்காகக் கட்டிய ஷெட்டில் போர்க்கால அவசரக் கூட்டம் கூடியது. மூன்று தலைவர்களும் மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். கொளஞ்சிநாதன் சுவரோரம் நின்றான்.

"இது கொளஞ்சிக்கு விழுந்த அடி இல்லய்யா," என்றார் தங்கராசு. "முப்படை மூஞ்சியில விழுந்த அடி. போர்தான்!"

"போருன்னா என்ன போருன்னு மொதல்ல சொல்லும்வே," என்றார் மாடசாமி.

"கேட் முற்றுகை. நாலு பக்கமும் வளைச்சு உக்கார்றோம்."

"அது ஆகாதுங்," என்றார் மருதாசலம். "கீழ நின்னு கத்தறதுல பிரயோசனம் இல்லீங். மேல இருந்து அடிக்கோணும். டெல்லிக்கு ஒரு தந்தி."

"தந்தி போயி, அவன் படிச்சு, கிழிச்சுப் போடதுக்குள்ள இவனுக்கு அறுபதாயிரும். சப்ளைய அறுக்கணும்வே. கேன்டீன்ல டீய நிறுத்தினா மூணே மணி நேரத்துல வெள்ளக்கொடி வரும்."

"டீய நிறுத்தினா நமக்கும்தான நிக்கும்?" என்று கேட்டார் தங்கராசு. அது பெரிய ராணுவச் சிக்கலாக இருந்ததால் கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள்.

"எனக்கென்னமோ போரே வேண்டாம்னு படுதுங்," என்று மருதாசலம் மெல்ல இழுத்தார். "என்ற மச்சான் வேற வேல இல்லாம வூட்டோட கெடக்கறான். இந்த நேரத்துல கான்ட்ராக்டர் கூட எதுக்கு வம்பு?"

"அப்ப மொதல் ஷரத்து என்னத்துக்கு? வடை மடிச்சுத் திங்கவா?" என்றார் தங்கராசு.

கொளஞ்சிநாதன் தொண்டையைச் செருமினான். "ஐயா, போரெல்லாம் வேணாங்க. நீங்க மூணு பேரும் போயி ஒரு வார்த்த பேசினா…"

"பேசுறதா?" தங்கராசு எழுந்தே நின்றுவிட்டார். "எதிரிகிட்ட பேசுறவன் கோழை. நீ சும்மா இருய்யா. இது ஒன் பிரச்சினை இல்ல."

தன் வேலை போனது தன் பிரச்சினை இல்லை என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

மூன்று கூட்டம், மூன்று பெட்டி பிஸ்கட் செலவான பிறகு போர்த்திட்டம் தயாரானது. ஜனவரி இருபத்தாறு. டவுன்ஷிப் மைதானத்தில் கொடியேற்றம். முன்னாள் படைவீரர் அணி மேடையைக் கடக்கும்போது, சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் சட்டென்று நின்றுவிட வேண்டும். தலைமை விருந்தினர் திகைப்பார், ஏன் நின்றீர்கள் என்று கேட்பார். உடனே மனு. ஆனால் "நில்" என்று கட்டளை கொடுப்பது யார்? கொடுப்பவர் மேல் நடவடிக்கை வருமே. மூன்று தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டளையே வேண்டாம்," என்றார் தங்கராசு. "கொளஞ்சி மார்க்கர். மார்க்கரைப் பாத்துத்தானய்யா வரிசை. அவன் நின்னா படை நிக்கும்."

மார்க்கர் என்றால் முதல் வரிசையில் வலது ஓரத்து ஆள். மொத்த அணியும் அவன் தோளைப் பார்த்துத்தான் தன்னை நேர்ப்படுத்திக்கொள்ளும். கொளஞ்சிநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாற்காலி கிடைக்காவிட்டால் என்ன, நாற்பது பேர் தன் தோளைப் பார்த்து நிற்கப்போகிறார்கள்.

இதற்கிடையில் எதிரியே சமாதானத்துக்கு வந்தான். வைத்திலிங்கத்தின் கிளார்க், கொளஞ்சிநாதன் வீட்டுக்கு வந்து சேதி சொல்லிவிட்டுப் போனான். "தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையிலிருந்து டியூட்டி. இடைவெளியையும் லீவு என்று போட்டுக்கொள்ளலாம்.

"போட்டுட்டு வாங்களேன்," என்றாள் மனைவி அம்சவல்லி. "கையி என்ன தேஞ்சிடுமா? ஏப்ரலுக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது?"

"தெரிஞ்சிதான நிறுத்தினேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த வண்டிக்கே தெரியும். காயிதத்துக்குத் தெரிய வேணாம்."

அவள் சொன்னது அவனுக்குச் சரியாகவே பட்டது. ஆனால் நேச அணியைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று தங்கராசு வீட்டுக்குப் போனான். அவர் பீரோவைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து, மூன்றாம் ஷரத்தைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

"தனிச் சமாதானம் கூடாது. புரியுதா? நீ கையெழுத்துப் போட்டா மூணு படையும் மண்டி போட்ட மாதிரி. நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்? ஒனக்காக நாங்க நிக்கிறோம். எங்களுக்காக நீ நிக்க மாட்டியா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லக் கொளஞ்சிநாதனுக்கு வராது. எழுபத்தொன்றில் கிழக்கே ஒரு நெல்வயலில் அவனும் பட்டாளத்துக் கூட்டாளி அய்யாசாமியும் ஒரே குழியில் கிடந்தார்கள். தொடையில் குண்டு பட்டதும், "நீ பின்னால போயிடு" என்றான் அய்யாசாமி. இவன் போகவில்லை. அன்றைக்கு மாலை அய்யாசாமி இவன் மடியில்தான் போனான். விட்டுவிட்டுப் போவது எப்படி என்று பட்டாளம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பாடம் கம்பளிக் கிடங்கில் நடந்திருக்க வேண்டும்.

கிளார்க்கிடம் முடியாது என்று சொல்லியனுப்பினான். அம்சவல்லி அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் சோற்றுக் கஞ்சியை எடுத்துவைத்து அவன் காக்கி உடுப்புக்குப் போட்டாள்.

ஒத்திகை இருபதாம் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் நடந்தது. முதல் நாள் கொளஞ்சிநாதன் போனான். தங்கராசு தோளில் தட்டினார். "ஒனக்கு எதுக்குய்யா ஒத்திகை? பிறவி மார்க்கர். தொடைக் காயம் வேற. வீட்ல போயி ரெஸ்ட் எடு. இவனுங்களத்தான் பழக்கணும்." தன் காயத்தைத் தலைவர் நினைவில் வைத்திருக்கிறாரே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

இருபத்தாறாம் தேதி வெயில் சீக்கிரமே ஏறியது. பள்ளிக்கூட பேண்டு, என்.சி.சி., தீயணைப்பு வண்டி எல்லாம் போன பிறகு முன்னாள் படைவீரர் அணி கிளம்பியது. முன்னால் தங்கராசு, கையில் குறுந்தடி. அவருக்கு இரண்டடி பின்னால் மருதாசலமும் மாடசாமியும். அதற்குப் பின் மூன்று மூன்றாக நாற்பது பேர். முதல் வரிசை வலது ஓரத்தில், கஞ்சி போட்ட காக்கி மொரமொரக்க, சட்டைப் பையில் மனுவோடு கொளஞ்சிநாதன்.

மேடை நெருங்கியது. "தாஹினே தேக்!" என்று தங்கராசு இந்தியில் முழங்கினார். அத்தனை தலைகளும் வலப்பக்கம் மேடையை நோக்கித் திரும்பின. வலது ஓரத்து ஆள் மட்டும் திரும்பக் கூடாது. வரிசை கோணாமல் இருக்க அவன் நேரே பார்க்க வேண்டும். அதுதான் விதி. ஆகவே எல்லோரும் மேடையைப் பார்த்தபோது கொளஞ்சிநாதன் ஒருவன்தான் வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக் கோடு வந்தது. குதிகால் இரண்டையும் சேர்த்து, நின்றான்.

மற்ற பூட்ஸுகள் நிற்கவில்லை.

பக்கத்தில் வந்தவன் அரை அடி இடதுபுறம் சாய்ந்து போனான். பின்னால் வந்தவன் ஒரு அடி விலகி, அவனைத் தாண்டியதும் ஒரு அடி உள்ளே கூடி, அவன் காலியாக்கிய மார்க்கர் இடத்தில் பொருந்திக்கொண்டான். அடுத்த வரிசையும் அப்படியே. அதற்கடுத்ததும். யாரும் தடுமாறவில்லை, யாரும் மோதவில்லை, ஒருவனுக்காவது கால் மாறியிருக்கலாம், மாறவில்லை. ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி நாற்பது பேரும் போனார்கள்.

கொளஞ்சிநாதன் பட்டாளத்துக்காரன். வேறு யாராக இருந்தாலும், பாவம், பயந்து ஓடிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். பயந்தவர்கள் இப்படிப் பிரிய மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். இவ்வளவு அழகாகப் பிரிந்து, இவ்வளவு அழகாகக் கூட வேண்டுமானால் ஐந்து சாயங்காலமாவது பழகியிருக்க வேண்டும்.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. வர்ணனை, பள்ளிக்கூடத் தமிழாசிரியர் சிவப்பிரகாசம்.

"தாயகம் காக்கத் தம் இன்னுயிர் ஈந்த தியாகச் செம்மல்களின் நினைவாக, இதோ, அணியினின்றும் ஒரு வீரர் தனித்து நிற்கின்றார்! முப்படை நேச அணியின் இப்புதுமைப் புகழஞ்சலியில், அனைவரும் எழுந்து நின்று இரண்டு மணித்துளிகள் மௌனம் காக்க வேண்டுகிறோம்."

தலைமை விருந்தினர் எழுந்தார். மேடை எழுந்தது. மைதானமே எழுந்தது. பேண்டு நின்றது. ஐஸ் விற்கிறவன் மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பேசினால் இப்போதுதான் பேச வேண்டும். மேடை பத்தடிதான். மனு பையில் இருக்கிறது. "நான் சாவலைங்க, என் வேலைதான் செத்துப் போச்சு" என்று கத்தினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். கொளஞ்சிநாதன் வாயைத் திறந்தான். திறந்ததும் அய்யாசாமி ஞாபகம் வந்துவிட்டது. பதிமூன்று வருஷமாக அவனுக்கென்று ஒருத்தரும் ஒரு நிமிஷம்கூட எழுந்து நின்றதில்லை. இப்போது தெரிந்தோ தெரியாமலோ இத்தனை ஜனம் நிற்கிறது. அதைக் கலைக்க அவனால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

இரண்டு நிமிஷம் முடிந்தது. "அவ்வீரர் இப்போது அமைதியாக மைதானத்தை விட்டு அகல்வார்," என்றது ஒலிபெருக்கி. கால்கள் தாமாகவே அகன்றன. கைதட்டல் அவன் முதுகில் வந்து விழுந்தது.

பந்தலுக்குப் பின்னால் சிவப்பிரகாசம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமா நின்னீங்க! எனக்கே கண்ணு கலங்கிடுச்சிங்க."

"அந்த அஞ்சலி… யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"சுபேதார் ஐயாதான். போன வாரமே எழுதிக் குடுத்துட்டாரே. செம்மல் மட்டும் நான் சேத்தது." காகிதத்தைப் பெருமையோடு நீட்டினார். இருபதாம் தேதி போட்டிருந்தது. அடியில் தங்கராசு, மருதாசலம், மாடசாமி மூன்று பேர் கையெழுத்தும் இருந்தது. பத்திரத்தாளில் உள்ள அதே வரிசையில்.

டீ மேசையருகே நேச அணி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. இவனைக் கண்டதும் மாடசாமி பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். அவர் ஒருவருக்காவது பஜ்ஜி இறங்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"வாய்யா, வா!" என்றார் தங்கராசு. "மேடையில பெரியவர் அசந்துட்டாரு. வருஷா வருஷம் இத வைக்கணும்ங்கிறாரு."

"மனு குடுக்கலீங்களே."

 மருதாசலம் மெதுவாக, "நெலம மாறிடுச்சுங் கொளஞ்சி," என்றார். "கான்ட்ராக்டர் அவராவே கூப்புட்டுப் பேசுனாருங். நல்ல மனுசன். அந்தக் கேட்டுல என்ற மச்சானப் போட்டிருக்காரு. எவனோ வர்றதுக்கு நம்ம ஆளு வந்தா நல்லதுதானுங்களே?"

"லேபர் கேம்ப் சமையல் எனக்கு," என்றார் மாடசாமி தரையைப் பார்த்தபடி. "நான் கேக்கல கேட்டீரா. அவனாத்தான் குடுத்தான்."

"ஐயாவுக்கு?"

"செக்யூரிட்டி மேற்பார்வை," என்றார் தங்கராசு. "எல்லா கேட்டும் இனிமே நம்ம கையில. இது வெற்றி இல்லாம என்ன?"

"தனிச் சமாதானம் கூடாதுன்னு படிச்சுக் காட்டினீங்களே ஐயா."

தங்கராசு இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தார். "தனியா எங்கய்யா போனோம்? மூணு பேரும் சேர்ந்துதான போனோம்! ஷரத்து மீறவே இல்ல. நீ வேணா பத்திரத்தப் பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ங்க."

"சொல்லியிருந்தா நீ நின்னிருப்பியா? நிக்கிற மாதிரி நடிச்சிருப்ப. அந்த உண்மை வந்திருக்குமா? மக்கள் அழுதாங்கய்யா!"

மைதானத்திலிருந்து கொளஞ்சிநாதன் நேரே வைத்திலிங்கத்தின் ஆபீசுக்குப் போனான். விடுமுறை நாளிலும் கிளார்க் இருந்தான். தெரியாமல் நிறுத்திவிட்டேன் என்று எழுதித் தருகிறேன் என்றான் இவன். கிளார்க் நல்லவன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். "அது போன வாரம்ங்க," என்றான். "இப்ப எடம் இல்ல. உங்க தலைவருங்களே ஆளக் குடுத்துட்டாங்க."

திரும்பும் வழியில் ஸ்டோர் யார்டு கேட் இருந்தது. புதுச் சட்டை போட்டு மருதாசலத்தின் மச்சான் நின்றிருந்தான். உள்ளிருந்து ஒரு வேன் வந்தது. பழகிய நம்பர்தான். மச்சான் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தான். முழங்கை சரியாக மடங்கவில்லை.

வீட்டில் அம்சவல்லி அவன் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"சண்ட முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"யாரு ஜெயிச்சா?"

"மூணு பேருமே."

அவள் குனிந்து அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. மச்சானின் பெயர் இருந்ததா என்று கொளஞ்சிநாதன் போய்ப் பார்க்கவில்லை; அப்போது அவனும் அம்சவல்லியும் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் காவலுக்குப் போயிருந்தார்கள். அங்கே கேட் கிடையாது. நிறுத்துவதற்கு வண்டியும் வராது.

அடுத்த ஜனவரியில் தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். முப்படை நேச அணியின் முத்திரை, மூன்று கையெழுத்து. "சென்ற ஆண்டு பெரும் பாராட்டுப் பெற்ற தியாகிகள் அஞ்சலி இவ்வாண்டும் இடம்பெறுகிறது. மார்க்கர் நாயக் கொளஞ்சிநாதன் அவர்கள் தவறாது வரவும். ஒத்திகைக்கு வரத் தேவையில்லை."

கொளஞ்சிநாதன் இரண்டு தடவை படித்தான். மடித்து உறைக்குள்ளேயே திருப்பிப் போட்டான். தபால்காரரின் பேனாவைக் கேட்டு வாங்கி, கேட் புத்தகத்தில் எழுதுகிற அதே கோணாத கையெழுத்தில், உறையின் மேல் எழுதினான்: "பெறுநர் வீரமரணம் எய்திவிட்டார். அனுப்பியவர்க்கே திருப்புக."

தபால்காரர் உறையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "என்னங்க இது? நீங்க இங்கதான நிக்கிறீங்க?"

"நிக்கிறேன்ங்க," என்றான் கொளஞ்சிநாதன். "அத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. மறுபடியும் ரெண்டு நிமிசம் எழுந்து நின்னுடப் போறாங்க."